கொட்டைப்பெட்டிக்குள் இருந்த பச்சைக் காசு: ரோமக் காசா? எந்தக் காலம்?

குரும்பட்டி | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், எழுதுவது இதுதான் முதல் முறை. அம்மம்மாவின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது பழைய கொட்டைப்பெட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே காய்ந்த வெற்றிலைக் காம்பு, மலாயாச் சதம் நாலைந்து, ஒரு பொத்தான், அப்புறம் இந்தக் காசு. கறுப்பும் பச்சையுமாக இருந்தது. ஒரு பக்கத்தைப் பழப்புளி போட்டுத் தேய்த்தேன். மனிதத் தலை ஒன்று தெரியத் தொடங்கியதும் பயந்து நிறுத்திவிட்டேன். மற்றப் பக்கத்தில் கை வைக்கவில்லை.

ரவுணில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். கேட்காமல் கொள்ளாமல் உரைகல்லில் விளிம்பை ஓர் இழுவை இழுத்துவிட்டு, “தங்கம் இல்லைத் தம்பி” என்று திருப்பித் தந்தார். நல்ல காலம், தராசில் போட்டுப் பார்க்கவாவது மனம் வந்தது: 1.9 கிராம். குறுக்களவு அடிமட்டத்தில் கிட்டத்தட்ட 15 மில்லிமீற்றர். போனில் எடுத்த படம் இரண்டு போட்டிருக்கிறேன். இது என்ன காசு?

ஒடியல்கூழ் | ஞாயிறு, இரவு 8.52

பொத்தானையும் படம் எடுத்துப் போடுங்கள். இதைவிடத் தெளிவாக இருக்கும்.

வல்லைவெளி | ஞாயிறு, இரவு 9.15

சந்தேகமே வேண்டாம், ரோமக் காசு. அகஸ்டஸ் இல்லாவிட்டால் திபேரியஸ். கிளாடியஸ் காலத்தில் அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் ஆள் ஒருவர் காற்றில் அடிபட்டு இலங்கையில் கரை ஒதுங்கிய கதையை ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அவரிடம் இருந்த வெள்ளிக் காசுகளில் முகங்கள் வேறு வேறாக இருந்தும் நிறை எல்லாம் ஒன்றாக இருந்ததைப் பார்த்து இங்கிருந்த அரசன் வியந்தானாம். அப்படி வந்த காசு ஒன்று உங்கள் அம்மம்மாவின் கையில் இருக்கக்கூடாதா என்ன? இரண்டாயிரம் வருடம்! பத்திரமாக வைத்திருங்கள்.

செப்புச்சல்லி | ஞாயிறு, இரவு 10.30

வல்லைவெளி, கதை நல்ல கதைதான். ஆனால் பிளினி சொன்னது வெள்ளிக் காசு. தம்பியிடம் இருப்பது செம்புக் கலவை. அகஸ்டஸ், திபேரியஸ் வெள்ளிக் காசு என்றால் நிறையும் மூன்றரைக் கிராமுக்கு மேல் நிற்கும். அந்தக் காலத்துத் தங்கமும் வெள்ளியும் தமிழ்நாட்டில் புதையல் புதையலாக வந்திருக்கின்றன. இலங்கையில் அவை அருமை. இங்கே ஆயிரக்கணக்கில் கிடைப்பது நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக் காசுகள்.

குரும்பட்டி, முதலில் இது எதெது இல்லை என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்து மண்ணில் அதிகம் வருகிற செப்புக் காசுகளை ஓரளவு கண்ணாலேயே பிரிக்கலாம். சேதுக் காசு என்றால் படுத்த நந்தியும் கீழே ‘சேது’ என்ற எழுத்தும் இருக்கும். இராசராசன் காசில் ஒரு பக்கம் ஆள் நிற்பார், மறுபக்கம் ஆள் இருப்பார், உடம்பெல்லாம் குச்சி குச்சியாக. ஒல்லாந்தர் துட்டில் அவர்களின் கம்பனி முத்திரையும் வருடமும் போட்டிருக்கும், அளவும் இதைவிடப் பெரிது. இவை ஒன்றிலும் பக்கவாட்டில் திரும்பிய தலையும் அதைச் சுற்றி எழுத்தும் கிடையாது. உங்கள் காசில் இரண்டும் இருக்கிறது.

அடுத்தது தலையில் கட்டியிருப்பது. ஆரம்பகாலப் பேரரசர்களுக்கு இலைமாலை இருக்கும், அல்லது கதிர் கதிராக நீட்டிய முடி. உங்கள் படத்தில் முத்துக் கோத்த பட்டம், பிடரியில் முடிச்சு. இந்தப் பட்டம் காசுகளில் வழக்கமாக வருவது கொன்ஸ்தந்தீனின் கடைசிக் காலத்தில் இருந்துதான். ஆகவே 325க்கு முந்தியது என்ற பேச்சுக்கு இடமில்லை.

பின்பக்கம் மங்கலாக இருக்கிறது. இடதுபுறம் ‘குளோரியா’ என்று வாசிக்க முடிகிறது. இரண்டு பேர் நிற்கிறார்கள், நடுவில் கட்டையாக ஒரு கம்பு. இது ‘குளோரியா எக்செர்சிதூஸ்’, படையின் புகழ் என்று பொருள். இரண்டு வீரரும் நடுவில் ஒரு கொடிக்கம்பும் உள்ள வகை 335 முதல் 341 வரை அடித்தது. அளவும் நிறையும்கூடப் பொருந்துகின்றன. என் கணக்கில் கொன்ஸ்தந்தீன் குடும்பத்துக் காசு.

குரும்பட்டி | ஞாயிறு, இரவு 10.41

மாஸ்டர், மிக்க நன்றி! அப்படியென்றால் மறுபக்கத்தையும் புளி போட்டுக் கழுவிவிட்டு நல்ல படம் போடட்டுமா?

உப்புக்காற்று | ஞாயிறு, இரவு 10.44

வேண்டாம்! புளி, தேசிக்காய், வினாகிரி, பல் துலக்கும் பசை ஒன்றும் வேண்டாம். அந்தப் பச்சையும் கறுப்பும் அழுக்கு இல்லை. பல நூறு வருடம் இருந்து செம்பு தானே போட்டுக்கொண்ட தோல் அது. எழுத்து எல்லாம் அந்தத் தோலில்தான் நிற்கிறது. அமிலம் அதைக் கரைத்தால் கீழே வெறும் சொறி பிடித்த செம்புதான் மிச்சம்.

புளி போட்ட பக்கத்தைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி எடுங்கள். பற்றரிக்கு ஊற்ற விற்கும் அந்த நீரே போதும். கிணற்று நீர் கூடாது, எங்கள் ஊர்க் கிணறுகள் உப்புக்கு எவ்வளவு கிட்ட என்று தெரியும்தானே. நீர் மற்றப் பக்கத்தில் படாமல் தட்டில் மெல்லிய மட்டமாக ஊற்றிச் செய்யுங்கள்.

இன்னொன்று. வெளிர்பச்சையில் தூள் தூளாக ஏதும் உதிர்கிறதா? உதிர்ந்தால் அது உப்பு நோய். செம்புக்குள் போன உப்பு ஈரக்காற்றோடு சேர்ந்து அமிலமாகி, செம்பைத் தின்று, மறுபடியும் அமிலமாகும். நிற்காமல் சுற்றும். நல்லாகக் காயவிட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு ஒரு சின்னப் போத்தலில் மூடி வையுங்கள்.

நாவற்குழி | திங்கள், காலை 6.20

எல்லோரும் காசைப் பார்க்கிறீர்கள், பெட்டியை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் மலாயாச் சதமும் இருந்தது என்கிறார். அந்த வீட்டில் யாரோ மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சன் எடுத்தவர் இருந்திருப்பார். கப்பலில் போய் வந்தவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் என்ன என்னவோ வாங்கி வந்தார்கள். இந்தக் காசும் அப்படி வந்திருக்கலாமே? யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்தது என்பதும் யாழ்ப்பாணத்து மண்ணில் இருந்தது என்பதும் ஒன்று இல்லை.

செப்புச்சல்லி | திங்கள், காலை 7.05

நாவற்குழியாரின் கேள்வி நியாயமானது. தம்பி, அம்மம்மாவிடம் ஆறுதலாக இருந்து கேளுங்கள். ‘எங்கே கிடைத்தது’ என்று மட்டும் கேளுங்கள். ‘கிணற்றிலா, தோட்டத்திலா’ என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். வயதானவர்கள் நாங்கள் எடுத்துக் கொடுத்ததற்கு ஓம் என்றுவிடுவார்கள். (எனக்கும் வயது போய்விட்டது, அனுபவத்தில் சொல்கிறேன்.)

படத்தையும் திரும்ப எடுங்கள். மின்விளக்கை நேரே மேலே பிடிக்காமல் காசின் ஓரத்தில், மேசை மட்டத்துக்குச் சரித்துப் பிடியுங்கள். பள்ளம் மேடெல்லாம் நிழல் விழுந்து எழும்பி வரும். விளக்கை நாலு பக்கமும் மாற்றி மாற்றி நாலு படம். பக்கத்தில் அடிமட்டத்தை வையுங்கள்.

குரும்பட்டி | திங்கள், இரவு 9.30

நாலு படமும் போட்டிருக்கிறேன், புளி போட்ட பக்கம் இரண்டு, போடாத பக்கம் இரண்டு. என் கண்ணுக்கே வித்தியாசம் தெரிகிறது. மாஸ்டர், நடுவில் இருக்கும் கொடிக்கம்புக்குக் கால் இருக்கிறதா?

ஒடியல்கூழ் | திங்கள், இரவு 9.37

கால் முளைத்த கொடிக்கம்பு! இரண்டாம் படத்தில் எனக்கும் தெரிகிறது. தலையும் இருக்கிறது, ஐயா.

செப்புச்சல்லி | திங்கள், இரவு 11.10

நான் நேற்று எழுதியதை விட்டுவிடுங்கள். பிழை என்னுடையது. ‘குளோரியா’வைக் கண்டதும் மிச்சத்தை மனமே எழுதிவிட்டது.

அது கம்பு இல்லை, ஆள். மூன்று பேர் நிற்கிறார்கள், நடுவில் நிற்பவர் குட்டை. மூவரிடமும் ஈட்டி இருக்கிறது, ஓரத்தில் நிற்கிற இரண்டு பேரும் கேடயத்தில் கை ஊன்றியிருக்கிறார்கள். வலதுபுறம் விளிம்பில் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘எக்செர்சிதூஸ்’ என்றால் ‘எஸ்’ஸில் முடியவேண்டும். இங்கே முடிவது ‘எம்’. அதற்கு முன்னால் வி போல இருப்பது அவர்களுடைய யூ, அதற்கு முன்னால் ஆர். ‘ரூம்’. ஆகவே ‘குளோரியா ரோமானோரூம்’, ரோமரின் புகழ்.

முன்பக்கத்தில், தலைக்குப் பின்னால், முதல் படத்தில் நான் சொறி என்று நினைத்த புள்ளி ஒரு நட்சத்திரம். புளி தின்றும் தப்பியிருக்கிறது. பின்னால் மூன்று பேரரசர், முன்னால் நட்சத்திரம், இந்தச் சோடி வருவது ஒரே வகையில்.

நடுவில் நிற்பவர் ஏன் குட்டை? அவர் பிள்ளை. இரண்டாம் தியோடோசியஸ், 401இல் பிறந்து 402 சனவரியில், ஒரு வயதுகூட ஆகாமல், பேரரசர் பட்டம் கட்டப்பட்டவர். ஒரு பக்கம் அப்பா ஆர்க்காடியஸ், மறுபக்கம் சித்தப்பா ஹொனோரியஸ். மூன்று பேரும் சேர்ந்து காசில் நிற்கவேண்டும் என்றால் 402க்குப் பிறகு. ஆர்க்காடியஸ் 408 மே மாதம் செத்துப்போனார், அதற்குப் பிறகு இந்தக் காசில் இரண்டு பேர்தான் நிற்கிறார்கள். ரோமப் பேரரசுக் காசுகளின் பெரிய பட்டியலின் பத்தாம் தொகுதி இந்த மூவர் வகையை 406 முதல் 408 வரை என்று வைக்கிறது. பழைய காசு ஒன்றுக்கு இவ்வளவு ஒடுங்கிய கணக்குக் கிடைப்பது பெரிய விஷயம்.

வல்லைவெளி | திங்கள், இரவு 11.24

அப்போ அகஸ்டஸ் இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்பக்கத்துத் தலை மூவரில் யாருடையது? முகம் ஆர்க்காடியஸ் மாதிரி இருக்கிறது.

செப்புச்சல்லி | செவ்வாய், காலை 5.50

முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. இந்தக் காலத்துக் காசுகளில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே முகம்தான், ஆறு வயதுப் பிள்ளையும் பெரிய ஆளாகத்தான் தெரியும். சுற்றியிருக்கும் இலத்தீன் எழுத்து எங்கே முறிகிறது என்று பார்க்கவேண்டும். தலையின் உச்சி எழுத்து வரிசையை இரண்டாக வெட்டும். தியோடோசியஸ் என்றால் ‘ஓ’வுக்குப் பிறகு முறிந்து, வலப்பக்கம் ‘சியுஸ்’ என்று நாலு எழுத்து இருக்கும். ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் இரண்டுக்கும் ‘ஐ’க்குப் பிறகு முறிந்து, வலப்பக்கம் ‘உஸ்’ என்று இரண்டே எழுத்து. உங்கள் காசில் வலப்பக்கம் இரண்டே எழுத்து, அதற்குப் பிறகு பட்டப்பெயர். ஆகவே பிள்ளை இல்லை. அப்பாவா சித்தப்பாவா என்பதைத் தீர்க்கிற எழுத்து ‘ஐ’க்கு முன்னால் நின்றது, ‘டி’யா ‘ஆர்’ஆ என்று. அந்த இடம்தான் புளியில் போய்விட்டது.

கடைசியாக, பின்பக்கத்தில் நிற்பவர்களின் காலுக்குக் கீழே ஒரு கோடு, அதற்குக் கீழே நாணயச்சாலையின் அடையாளம். முதல் எழுத்து ‘ஏ’. இரண்டாவது ‘என்’. மிச்சம் தகட்டுக்கு வெளியே போய்விட்டது, அச்சு பெரிது, தகடு சின்னது, அடிக்கிறவனுக்கும் அவசரம். இரண்டாவது எழுத்து ‘எல்’ என்றால் எகிப்தில் உள்ள அலெக்சாந்திரியா. ‘என்’ என்றபடியால் அந்தியோக்கியா, இன்று துருக்கியில் அந்தாக்யா என்று சொல்கிற ஊர்.

ஒடியல்கூழ் | செவ்வாய், காலை 7.15

அந்தியோக்கியாவில் இருந்து அலுமாரிக்கு. பழைய துறைமுகம் சம்பில்துறையில் இறங்கி வந்திருக்குமோ?

நாவற்குழி | செவ்வாய், காலை 7.40

சம்பில்துறையா, மாந்தைத் துறைமுகமா, பினாங்கில் இருந்து வந்த கப்பலா என்பதைத்தான் நான் நேற்றில் இருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறேன். காசு 408க்குள் அடித்தது என்றால் 408இல் இங்கே வந்தது என்று ஆகாது. இந்தச் சின்னக் காசுகள் எத்தனையோ கை மாறி, தேய்ந்து, ஒன்றுக்கும் உதவாது என்று அங்கே ஒதுக்கியபிறகுகூட இங்கே சில்லறையாக ஓடியிருக்கின்றன. இவற்றைப் பார்த்து இலங்கையிலேயே அடித்த காசும் உண்டு, எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடும் புள்ளியும்தான் இருக்கும். காசு வந்தது என்றால் ரோமர் வந்தார்கள் என்றும் இல்லை.

வல்லைவெளி | செவ்வாய், காலை 8.05

சோபத்ரோஸ் என்ற வியாபாரி இங்கே அரசன் முன்னால் ரோமத் தங்கக் காசைக் காட்டிப் பாரசீகனை வென்ற கதையைக் கிரேக்கப் பயணி கொஸ்மாஸ் எழுதியிருக்கிறாரே. அவர் ரோமன்தானே?

நாவற்குழி | செவ்வாய், காலை 8.12

அவர் வந்திருக்கலாம். கொஸ்மாஸ் எழுதியது ஆறாம் நூற்றாண்டில், அதுவும் தங்கக் காசைப் பற்றி. இது ஒன்றே முக்கால் கிராம் சில்லறை, ஐயா. அரசனுக்குக் காட்ட இதை யார் எடுத்துக்கொண்டு போவார்?

வல்லைவெளி | செவ்வாய், காலை 8.15

1.9 கிராம். என்னுடைய பிழையைப் பிடிக்க வந்து நீங்களே பிழை விடுகிறீர்கள் :)

குரும்பட்டி | செவ்வாய், இரவு 8.20

அம்மம்மாவிடம் கேட்டேன். மாஸ்டர் சொன்ன மாதிரி ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. “உது தாயக்காய் எல்லோ” என்றார். கலியாணம் கட்டி வந்த புதிதில் மாமியாரோடு தாயம் விளையாட இதைக் காயாக வைத்திருந்தாராம். அதற்கு முன்னால்? மாமனார் கிணறு ஆழமாக்கியபோது வந்த மண்ணில் பொறுக்கியது என்று மாமியார் சொன்னதாக ஞாபகம். அப்பப்பா ஒருவர் மலாயாவில் இருந்ததும் உண்மைதான், ஆனால் அது வேறு வீடு, இந்தக் கொட்டைப்பெட்டி அந்த வழி வந்தது இல்லை என்கிறார். இரண்டு மூன்று முறை சொல்லும்போது கொஞ்சம் மாறுகிறது, அதையும் சொல்லவேண்டும். அந்தக் கிணறு இருக்கிற வளவு சுன்னாகத்தில்

நடத்துநர் | செவ்வாய், இரவு 8.26

குரும்பட்டி, மன்னிக்கவும், உங்கள் பதிவின் கடைசி வரிகளை வெட்டியிருக்கிறேன். வளவு, ஒழுங்கை, கிணறு என்று அடையாளம் சொல்லவேண்டாம். இதை வாசிக்கிறவர்களில் இரவில் மண்வெட்டியோடு வருகிறவர்களும் இருப்பார்கள்.

செப்புச்சல்லி | செவ்வாய், இரவு 9.00

நடத்துநர் செய்தது சரி. ஊர்ப்பெயர் மட்டும் போதும், பக்கத்து ஊர் கந்தரோடை என்பது எல்லோருக்கும் தெரியும். வரலாற்றாளர் பால் பீரிஸ் நூறு வருடத்துக்கு முன்னால், 1917இலும் 1919இலும், கந்தரோடை பற்றி எழுதியவற்றிலேயே ரோமக் காசு, முத்திரை குத்திய காசு, இலட்சுமித் தகடு எல்லாம் வருகின்றன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவும் வந்து தோண்டியது. அந்த மண்ணில் இந்தக் காசு இருந்திருந்தால் அது அதிசயம் இல்லை. அதனால் அங்கேதான் இருந்தது என்றும் ஆகாது. இப்போது என் தலைவலி வேறு: முன்பக்கத்துத் தேய்வு சந்தைகளில் வந்ததா, தாயக்கட்டத்தில் வந்ததா?

உப்புக்காற்று | செவ்வாய், இரவு 9.45

கழுவாத பக்கத்தின் படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். எழுத்துகளின் இடுக்கில் சிவப்பாக ஒட்டியிருக்கிறது. சுன்னாகப் பக்கம் எல்லாம் செம்பாடு. அது அந்த மண் என்றால் நாவற்குழியாரின் பினாங்குக் கப்பல் தாழ்ந்துவிடும்.

நாவற்குழி | செவ்வாய், இரவு 10.02

பழைய செம்பின் தோலிலேயே சிவப்பு வரும், செம்பு ஒட்சைட்டு. பச்சைக்குக் கீழே அதுதான் இருப்பது. படத்தை வைத்து மண்ணா ஒட்சைட்டா என்று சத்தியம் பண்ண உங்களால் முடியுமா?

உப்புக்காற்று | செவ்வாய், இரவு 10.20

முடியாது. உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும். மண் என்றால் மணியாக, உதிரியாக இருக்கும். ஒட்சைட்டு உலோகத்தோடு ஒட்டிய படை. ஆகவே தம்பி, நீங்கள் கழுவாமல் விட்ட பக்கம்தான் இப்போது சாட்சி. ஊசியாலோ பல்லுக்குச்சியாலோ தோண்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம்.

குரும்பட்டி | புதன், மாலை 5.30

மாமா ஒருவர் வெளிநாட்டில் இருந்து போன் எடுத்து, தனக்குத் தபாலில் அனுப்பட்டாம், அங்கே ஏலத்தில் போடலாமாம். என்ன சொல்வது?

செப்புச்சல்லி | புதன், மாலை 6.15

இல்லை என்று சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. அந்தச் சட்டம் வந்தபோது கண்டெடுக்கப்படாமல் மண்ணுக்குள் கிடந்தது அரசுக்குச் சொந்தம். மாமனார் கிணறு ஆழமாக்கியது எந்த வருடம் என்பதும் அதனால்தான் முக்கியம், அதையும் அம்மம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். மாமாவின் மனம் ஆற இதையும் சொல்லலாம்: இந்த வகை உலகத்தில் மலிந்து கிடக்கிறது, ஏலத்தில் போட்டால் தபால் செலவுக்கு மேலே பெரிதாக மிஞ்சாது.

யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் தொல்பொருட் காட்சிச்சாலை இருக்கிறது. காசை மட்டும் கொண்டு போகாதீர்கள். கொட்டைப்பெட்டி, மலாயாச் சதம், அம்மம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிய தாள், மாறி மாறிச் சொன்னதையும் சேர்த்து, எல்லாவற்றையும் கொண்டு போங்கள். புளி போட்டதையும் மறைக்காதீர்கள்.

ஒடியல்கூழ் | புதன், மாலை 6.18

பொத்தானையும்.

குரும்பட்டி | வெள்ளி, இரவு 7.50

அடுத்த கிழமை அம்மாவோடு போகிறோம். தாள் எழுதியாகிவிட்டது, ஒன்றரைப் பக்கம். வருடம் கேட்டதற்கு, “பெரிய மகன் வயிற்றில் இருக்கேக்க அந்தக் கிணற்றில் புதுத் தண்ணி குடிச்சனான்” என்றார். பெரிய மாமா பிறந்தது 1956. காசு இப்போது பொட்டலத்தோடு போத்தலில் இருக்கிறது, வெளிர்பச்சைத் தூள் ஒன்றும் இல்லை. அம்மம்மா காயைத் திருப்பிக் கேட்டார். புளியங்கொட்டை ஒன்று கொடுத்திருக்கிறேன்.